ரொறன்ரோவுக்கு வெளிக்கிடும் மட்டக்களப்புப் பிள்ளைகளுக்கு: வேலைத்தலத்தில் உடம்பைப் பற்றிச் சொல்வதா, மறைப்பதா?

லீவில் கல்லடிக்கு வந்திருந்தபோது பக்கத்து வீட்டுத் தம்பி கேட்ட முதல் கேள்வி சம்பளத்தைப் பற்றியும் இல்லை, குளிரைப் பற்றியும் இல்லை. "அண்ணே, வேலைக்குப் போனா காலைப் பற்றிச் சொல்லவா, மறைக்கவா?" முழங்காலுக்குக் கீழே அவனுக்குச் செயற்கைக் கால். இங்கே அரச வேலையில் 3 சதவீதம் மாற்றுத்திறனாளிகளுக்கு என்று 1988இலேயே சுற்றறிக்கை வந்தது, 1996இல் சட்டமும் வந்தது. அதை நம்பிப் படியேறியவர்களைக் கேட்டுப் பாருங்கள். மறைத்தே பழகிவிட்டான் பிள்ளை.

சரி, ரொறன்ரோ இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தின் நிலவரம் இது. நேர்முகத்தில் காலைப் பற்றி நீங்களாகச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் வேலையில் ஏதாவது மாற்றம் தேவைப்பட்டால் கேட்கத்தான் வேண்டும். அதற்கு அங்கே 'அக்கொமடேஷன்' என்று பெயர். முதல்முறை கேட்டபோது தங்குவதற்கு அறை தரப்போகிறார்களாக்கும் என்று நான் சந்தோஷப்பட்டது தனிக்கதை. உட்கார ஒரு கதிரை, வேறு ஷிப்ட், பாரம் தூக்காத வேலை, எல்லாம் அதில் அடங்கும். தரமுடியாது என்று முதலாளி சொன்னால் மூன்று விஷயங்களைத்தான் பார்ப்பார்கள்: செலவு தாங்கமுடியாததா, அதற்கு வெளியிலிருந்து உதவி கிடைக்குமா, உடல்நலத்துக்கும் பாதுகாப்புக்கும் ஆபத்தா. 'மற்ற ஆட்கள் முணுமுணுப்பார்கள்' என்பது செல்லாது. டொக்டர் கடிதத்திலும் எதைச் செய்யமுடியும், எதைச் செய்யமுடியாது என்று இருந்தால் பொதுவாகப் போதும். நோயின் பெயர் தேவையில்லை.

இனி என் முட்டாள்தனம். ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் எட்டு மணித்தியாலம் கொங்கிறீட் தரையில் நின்று முதுகு போனது. ஸ்டூல் கேட்டேன். "இது ஒபிஸ் இல்லை" என்றார் சூப்பர்வைசர். அடுத்த கிழமையிலிருந்து ஷிப்டுகள் குறைந்து, பிறகு போன் வருவதே நின்றுவிட்டது. வேலை தந்தவனோடு வழக்காடுவதா என்று பேசாமல் இருந்தேன். பதினான்கு மாதம் கழித்து விசாரித்தால், ஒன்ராறியோ மனித உரிமைகள் தீர்ப்பாயத்துக்குக் கடைசிச் சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டுமாம். பிந்தினால் தக்க காரணம் காட்ட வேண்டும். என்னிடம் காரணமும் இல்லை, கடதாசியும் இல்லை. எல்லாம் வாய்ப்பேச்சு.

விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. மனித உரிமைகள் சட்ட உதவி நிலையத்தில் இலவச ஆலோசனை கிடைக்கும். வென்றால் இழந்த சம்பளம், மனம் நொந்ததற்கு நட்டஈடு, சிலவேளை வேலையே திரும்பவும் கிடைக்கலாம். இழுபடும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஏஜென்சி அனுப்பிய வேலையென்றால் ஏஜென்சியும் பொறுப்பு. வங்கி, விமானக் கம்பனி மாதிரியான வேலைகளுக்கு மட்டும் மத்திய அரசின் கனடிய மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் போகவேண்டும். அங்கும் ஒரு வருடம்தான். அகதிக் கோரிக்கை முடியவில்லையே என்று பயப்படவேண்டாம், ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும்.

தம்பிக்கு நான் சொன்னது ஒன்றுதான்: வாயால் கேட்டாலும் அன்றிரவே ஈமெயிலாகவும் அனுப்பு. "இன்று ஸ்டூல் கேட்டேன், முடியாது என்றீர்கள்", இரண்டு வரி, திகதியோடு. அதைப் போனில் குறித்துக்கொண்டான். மறுகாதான் குளிரைப் பற்றிக் கேட்டான்.