கடல்முனைக் கோட்டைகளைப் பதிவு செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அயர்லாந்தின் மேற்குக் கரையில், கடலுக்குள் நீண்டிருக்கும் நில முனைகளில் நிற்கும் பழங்கோட்டைகளைப் பதிவு செய்ய வரும் புதியவர்கள், முதல் வருடம் நான் செய்த தவறுகளையே திரும்பச் செய்கிறார்கள். விளிம்பில் நிற்காதே, மழைக்கோட்டு எடுத்து வா என்பதெல்லாம் சொல்லாமலே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கடலையே பார்த்துக்கொண்டிருப்பது

முனையின் மூன்று பக்கமும் பாறையே காவல். மனிதர்கள் உழைத்தது நான்காவது பக்கத்தில், முனை நிலத்தோடு சேரும் கழுத்தில். அகழி, மண்மேடு, வாசல் எல்லாம் பெரும்பாலும் அங்கேதான். முதல் நாளை அங்கே செலவிடுங்கள்.

இன்றைய விளிம்பைப் பழைய விளிம்பு என்று எண்ணுவது

இனிஷ்மோர் தீவின் டூன் ஏங்கஸ் கோட்டை, சுமார் 100 மீட்டர் உயரப் பாறையின் விளிம்பில் அறுந்தாற்போல நிற்கிறது. முதலிலிருந்தே அப்படியா, ஒரு பகுதி கடலுக்குள் போய்விட்டதா என்று யோசிக்காமல் வரைபடத்தை முடிக்காதீர்கள்.

நாளைக்கு வரைந்துகொள்ளலாம் என்பது

இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். ஒரு சிறிய கோட்டையில், கடல் அரித்த மண்முகத்தில், மேட்டின் அடியில் விரல் தடிமனுக்கு ஒரு கரி அடுக்கைக் கண்டேன். மேடு எழும்புவதற்கு முன் அங்கே எரிந்த நெருப்பு அது. அதில் ஒரு சுள்ளியின் கரி கிடைத்திருந்தால் போதும், கார்பன்-14 முறையில் காலம் கணித்து, கோட்டை எப்போதைக்குப் பிறகு கட்டப்பட்டது என்று சொல்லியிருக்கலாம்.

அப்போது மாலை ஐந்து மணி. அளவுகோல் வண்டியில் இருந்தது. வண்டி அரை மணி நடை தூரத்தில். ஒரே ஒரு படம் எடுத்துவிட்டு, சரி, காலையில் தோண்ட உரிமம் உள்ளவரோடு வந்து மாதிரி எடுக்கலாம் என்று திரும்பினேன். இரவு காற்று மாறியது. காலையில் அந்த மண்முகம் முழுவதும் சரிந்து அலையில் கரைந்துகொண்டிருந்தது. என் படத்தில் அளவும் இல்லை, திசையும் இல்லை. எந்த இடத்தில் எடுத்தது என்று என்னாலேயே உறுதியாகக் காட்ட முடியவில்லை. அந்தக் கோட்டையின் காலம் இன்றுவரை தெரியாது.

போன மாதம் ஒரு மாணவி ‘நாளைக்கு வரைந்துகொள்ளலாம்’ என்று சொன்னபோது கடுமையாகவே பேசிவிட்டேன். கெர்ரி மாவட்டத்து டன்பெக் கோட்டையில் 2014 ஜனவரிப் புயல் கல்மதிலின் ஒரு பகுதியையே கடலில் தள்ளியது. கரி அடுக்கு எம்மாத்திரம்? கண்ட உடனே அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள், வடக்கைக் குறியுங்கள், ஜிபிஎஸ் புள்ளி பதியுங்கள், கையால் ஒரு கோட்டுப்படம் போடுங்கள். இருபது நிமிட வேலை. உரிமம் உள்ளவரை அன்றே கூப்பிடுங்கள். அளவுகோல் எப்போதும் பையில் இருக்கட்டும்.

விழுந்த கல்லைத் தூக்கி வைப்பது

வேண்டாம்.

தோண்டிப் பார்ப்பது

உரிமம் இல்லாமல் தொல்லியல் இடத்தைத் தோண்டுவது அயர்லாந்தில் சட்டப்படி குற்றம்.

பழைய படங்களைப் பார்க்காமல் போவது

கிளம்பும் முன் வான்வழிப் படங்களையும் பழைய நில அளவை வரைபடங்களையும் அச்செடுத்துக் கொள்ளுங்கள். அப்புறம் அதே இடத்தில் நின்று ஒப்பிட்டால், எவ்வளவு நிலம் போயிருக்கிறது என்பது தெரியும்.