குழாயின் நடுப்புள்ளியை நம்பாதீர்கள்

போன வாரம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், புதைகுழாய்களுக்கான நிலநடுக்க அபாய வரைபடத்தைத் திரையில் காட்டினார். சிங்கப்பூரில் புக்கிட் தீமாவிலிருந்து காலாங் வரை குழாய் ஒரே பச்சை, அதாவது எங்கும் அபாயம் குறைவு. எனக்கு வயிற்றைக் கலக்கியது. அதே பச்சையை ஒருகாலத்தில் நானும் வாடிக்கையாளர் கையில் கொடுத்திருக்கிறேன். அறிக்கையைத் திரும்ப வாங்கி மூன்று வாரம் உட்கார்ந்து திருத்தினோம்.

இப்படிப்பட்ட வரைபடம் போடுவதில் நடக்கும் தவறுகளைச் சொல்கிறேன். லேயரை (வரைபடத்தின் ஒரு தரவு அடுக்கை) சேமிக்க மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். ஒருமுறை பட்டால் போதும்.

ஒரு குழாய்க்கு ஒரே மதிப்பு

தரவில் நீண்ட குழாய் ஒரே கோடாக இருக்கும். மென்பொருளில் அதன் நடுப்புள்ளியை எடுத்து, அங்குள்ள அதிர்வு வேகத்தை (நிலம் குலுங்கும் உச்ச வேகத்தை) முழுக் குழாய்க்கும் கொடுத்துவிடுகிறார்கள். சுமத்ராவிலிருந்து வரும் அலைகள் நமக்கு வந்து சேரும்போது மெதுவாக ஆடும் நெட்டலைகள்தான் மிஞ்சும். புக்கிட் தீமா கருங்கல் அவற்றைப் பெரிதாகக் காட்டாது. காலாங்கின் கடல் களிமண் பெருக்கிவிடும்.

பயிற்சிக்கு ஒரு கணக்கு. 6 கிலோமீட்டர் வார்ப்பிரும்புக் குழாய். 4 கிலோமீட்டர் கருங்கல்லில், அதிர்வு வேகம் நொடிக்கு 10 சென்டிமீட்டர். மீதி 2 களிமண்ணில், நொடிக்கு 30. ஹேசஸ் (நிலநடுக்கச் சேதத்தை மதிப்பிடும் அமெரிக்க முறை) சூத்திரத்தில் வேகம் 2.25 அடுக்குக்கு உயர்கிறது, அதை 0.0001ஆல் பெருக்கினால் கிலோமீட்டருக்கு எத்தனை பழுது என்று வரும். நடுப்புள்ளி கருங்கல்லில் விழுவதால் மொத்தம் 0.11 பழுது. மண் எல்லையில் வெட்டிக் கணக்கிட்டால் 0.49. நாலரை மடங்கு! அதுவும் மண் மாறும் அந்த எல்லையில்தான் குழாய் அதிகம் இழுபடும்.

சரி, வெட்டிவிட்டோம். அப்புறம் இன்னொரு பள்ளம் இருக்கிறது. க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் மண் லேயரோடு குழாயை வெட்டினால், அட்டவணையின் பழைய நீளம் அப்படியே ஒவ்வொரு துண்டோடும் போகும். இரண்டு துண்டுக்கும் 6 கிலோமீட்டர்! வெட்டிய கையோடு நீளத்தைத் திரும்பக் கணக்கிடுங்கள். தம்பியும் இங்கேதான் மறுபடி சறுக்கினார்.

டிகிரியில் நீளம்

தரவு அட்சரேகை, தீர்க்கரேகையில் இருந்தால் நீளம் டிகிரியில் வந்துவிடும். மீட்டரில் அளக்கும் சிங்கப்பூர் ஆயமுறையான எஸ்விஒய்21க்கு மாற்றிவிட்டு அளவிடுங்கள்.

களிமண்ணும் மணலும்

மென்களிமண் அதிர்வைப் பெருக்கும். குலுக்கலில் திரவம்போல் ஆகிவிடுவது நீர் நிறைந்த தளர்ந்த மணல். 2011இல் கிறைஸ்ட்சர்ச்சில் கழிவுநீர்க் குழாய்களைச் சிதைத்தது அதுதான். அங்கே நிலமே நகர்ந்துவிடும். அதிர்வு வேகச் சூத்திரம் போதாது. நில நகர்வுக்குத் தனிச் சூத்திரம், வரைபடத்தில் தனி லேயர்.

அலகு

ஹேசஸில் வேகம் நொடிக்கு எத்தனை சென்டிமீட்டர் என்று, நில நகர்வு அங்குலத்தில். குழப்பிக்கொள்ளாதீர்கள்.