பாட்டு ரெடி, வீடியோவுக்கு ஐடியா? குமரி மாவட்ட இண்டி ராக் குழுக்களுக்கு ஒரு செய்முறை

பாட்டு மிக்ஸாகிக் கையில் வந்த அன்றே தலைவலியும் தொடங்கிவிடும்: வீடியோவில் எதைக் காட்டுவது? பல குழுக்கள் யூடியூபில் வரிசையாக முப்பது வீடியோ பார்க்கும். இல்லையென்றால் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு முட்டத்துப் பாறைக்குப் போய்விடும். முப்பது வீடியோ பார்த்தால் அடுத்தவர் யோசனை மண்டையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பாறைக்குப் போனால், காற்றில் முடி பறக்கப் பாடும் ஒருவர்தான் மிஞ்சுவார். 1980களிலேயே சினிமாக்காரர்கள் எடுத்துத் தீர்த்த பாறை அது. ஐடியாவைப் பாட்டுக்குள் தேடுங்கள். இடம் தேடுவது அதற்குப் பிறகு.

1. பாட்டைக் கட்டம் போடுங்கள்

கட்டம் போட்ட கணக்கு நோட்டு, பென்சில், ஹெட்போன் போதும். பாட்டின் பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை தாள அடி) டிரம்மருக்குத் தெரிந்திருக்கும். ஒரு பாருக்கு, அதாவது தாளத்தின் ஒரு சுற்றுக்கு, நாலு அடி உள்ள பாட்டு என்றால், 240-ஐ பிபிஎம்மால் வகுங்கள். ஒரு பாருக்கு எத்தனை விநாடி என்று வரும். 120 பிபிஎம் என்றால் 2 விநாடி. விநாடிக்கு 25 ஃபிரேமில் எடுத்தால் அது 50 ஃபிரேம். 3 நிமிடம் 20 விநாடிப் பாட்டுக்கு 100 பார், நோட்டில் 100 கட்டம். கிளிக் (தாளம் காட்டும் டிக் டிக் சத்தம்) இல்லாமல் நேரடியாக வாசித்துப் பதிவு செய்திருந்தால் வேகம் முன்னே பின்னே ஓடும். அப்போது இந்தக் கணக்கை நம்பாமல், எடிட்டிங் டைம்லைனில் காதால் கேட்டே குறியிடுங்கள்.

டிரம்ஸ் நுழையும் கட்டம், எல்லாம் அடங்கி பேஸ் கிட்டார் மட்டும் ஒலிக்கும் கட்டம், கிட்டாரின் கரகரப்பு (டிஸ்டார்ஷன்) திறக்கும் கட்டம் மூன்றையும் வட்டமிடுங்கள். இண்டி ராக்கில் வெர்ஸ் (சரணம்) அடக்கமாகப் போய் கோரஸில் (பல்லவியில்) வெடிப்பது வழக்கம். அந்தத் தாவலில் திரையில் என்ன மாறப்போகிறது என்பதற்குப் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

2. வினைச்சொல் எழுதுங்கள்

கண்ணை மூடி மூன்று தடவை கேளுங்கள். ‘கடல்’, ‘தனிமை’, ‘ஏக்கம்’ என்று எழுதினால் கேமராவால் ஒன்றும் செய்ய முடியாது. இழுக்கிறது, சொட்டுகிறது, சுற்றுகிறது, உரசுகிறது, கொட்டுகிறது. இப்படி இருபது சொல் வேண்டும். பாடல் வரியை அப்படியே படமாக்கும் ஆசையை இங்கேயே விட்டுவிடுங்கள். ‘மழை’ என்று பாடும்போது மழையைக் காட்டினால், காதுக்குக் கிடைத்ததையே கண்ணுக்கும் கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான்.

3. அந்தச் சொற்களோடு ஊர் சுற்றுங்கள்

நம் மாவட்டத்தில் ஒரு பைக்கும் இரண்டு விடியற்காலையும் போதும், மலையும் கடலும் அத்தனை பக்கம்.

சுற்றுவதற்கு ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றாலைகள். ஸ்டாப்வாட்சை எடுத்து ஒரு காற்றாலை ஒரு சுற்றுக்கு எத்தனை விநாடி எடுக்கிறது என்று பாருங்கள். 3 விநாடி என்று வந்தால் நிமிடத்துக்கு 20 சுற்று. மூன்று இறக்கை இருப்பதால் 60 முறை ஓர் இறக்கை கீழே வரும். 120 பிபிஎம் பாட்டில் அது இரண்டு அடிக்கு ஒரு தடவை, ஸ்நேர் டிரம்மின் அடியோடு சேர்ந்து விழும். பழைய சிறிய காற்றாலைகள் வேகமாகச் சுற்றும், புதிய பெரியவை நிதானம். உங்கள் பாட்டுக்குப் பொருந்துவதைத் தேடிப் பிடிக்கலாம். தென்மேற்குக் காற்று பலமாக வீசும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் இது உறுதி. மற்ற மாதங்களில் பாதி நின்றுகொண்டிருக்கும்.

சொட்டுவதற்குக் குலசேகரம், அருமனைப் பக்கத்து ரப்பர் தோட்டங்கள். பால் வெட்டு விடியும் முன்னே தலைவிளக்கு வெளிச்சத்தில் தொடங்கிவிடும். வெட்டிய சிறிது நேரத்தில் சிரட்டையில் சொட்டு விழும் வேகம் அதிகம், வெயில் ஏற ஏறக் குறைந்து நின்றுவிடும். பத்து மணிக்குப் போய் இறங்கினால் உறைந்த பால்தான் கிடைக்கும். மழை நாளில் வெட்டு நடப்பதும் நிச்சயமில்லை, முந்தின நாளே தோட்டத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இழுப்பதற்குக் கரைமடி, கரையில் நின்று இழுக்கும் மீன்வலை. இரண்டு கயிற்றை இரண்டு கூட்டம் இழுத்து, வலை கரையேற ஏற அருகே நெருங்கி வரும். இதைவிட நல்ல கிரெசென்டோ (படிப்படியாக ஏறும் இசை) எவரும் எழுதித் தர மாட்டார். ஆனால் அது அவர்களுடைய அன்றாடப் பிழைப்பு. முன்கூட்டியே பேசி, கயிறு போகும் வழியை விட்டு விலகி நின்று எடுக்க வேண்டும்.

மாத்தூர் தொட்டிப்பாலத்தை எல்லாரும் டிரோனில் மேலிருந்து எடுக்கிறார்கள். கீழே இறங்குங்கள். 115 அடி உயரத் தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. பாடகர் ஒரு தூணுக்கு நாலு பார் என்று நடந்தால் அதுவே தாளம் காட்டும் ஒரு மெட்ரோனோம். மணவாளக்குறிச்சியின் கருமணலில் எடுத்தால் கேமரா இருட்டென்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டும், முகம் வெளுத்துப்போகும். முகத்தில் வைத்து எக்ஸ்போஷரை (வெளிச்ச அளவை) பூட்டிவிடுங்கள்.

4. ஒரு நிமிடச் சோதனை

ஒவ்வோர் இடத்திலும் போனை அசையாமல் வைத்து 60 விநாடி எடுங்கள். பக்கவாட்டில் திருப்ப வேண்டாம், ஜூம் வேண்டாம். வீட்டுக்கு வந்து அதன் சத்தத்தை அணைத்து, பாட்டை மேலே போட்டுப் பாருங்கள். இருபது விநாடிக்குப் பிறகும் கண் அங்கேயே நின்றால் அந்த இடத்தை வைத்துக்கொள்ளுங்கள். பத்தில் எட்டு தேறாது. ஷூட்டிங் அன்று தேறாமல் போவதைவிட இப்போதே போகட்டும்.

5. ஒரே ஒரு விதி

அமெரிக்காவின் ஓகே கோ குழு 2006-இல் எட்டு டிரெட்மில்லையும் அசையாத ஒரு கேமராவையும் வைத்து, வெட்டே இல்லாத ஒரு வீடியோவை எடுத்தது. அதிலிருந்து டிரெட்மில்லைக் கடன் வாங்காதீர்கள். ஒரு கட்டுப்பாட்டைக் கடைசிவரை விடாத பிடிவாதத்தை வாங்குங்கள்.

உதாரணமாக, பாட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் கேமராவுக்கு ஒரே நடை என்பது விதி: வெர்ஸில் கேமரா அசையக்கூடாது, கையளவு தூரத்தில் சிரட்டை, கத்தி, விரல் மட்டும். கோரஸில் எல்லாம் அகலம், எல்லாம் சுழற்சி, காற்றாலை. பிரிட்ஜில் (கோரஸ்களுக்கு நடுவே மாறி வரும் பகுதியில்) பேஸ் தனியாக வரும் எட்டு பாருக்கு அந்த 16 விநாடியும் ஒரே ஷாட். இது போதும் மக்கா. மூன்று விதி வைத்தால் எதுவும் விதியாகத் தெரியாது.

பிறருடைய வீடியோ பார்ப்பதாக இருந்தால் இந்தப் படிக்குப் பிறகு, மூன்றே மூன்று, சத்தமில்லாமல். கோரஸில் என்ன மாறுகிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

6. நடக்குமா என்று பாருங்கள்

பத்மநாபபுரம் அரண்மனை இருப்பது நம் மாவட்டத்தில், நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறையிடம். அனுமதியையும் அங்கேதான் கேட்க வேண்டும். வட்டக்கோட்டையும் சிதறாலும் மத்தியத் தொல்லியல் துறையின் கையில். டிரோன் பறக்கவிடும் முன் டிரோன்களுக்கான அரசு இணையதளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தில் அந்த இடம் எந்த மண்டலம் என்று பாருங்கள்.

கடலோரத்தில் உப்புச் சாரல் லென்ஸில் படிந்து படம் மங்கும். அரை மணிக்கொரு முறை துடையுங்கள், காய்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். ஸ்பீக்கர் பாடகர் பக்கத்தில் இருந்து, கேமரா 34 மீட்டர் தள்ளி நின்றால், சத்தம் கேமராவுக்கு வந்துசேர 0.1 விநாடி ஆகும். எடிட்டில் உதடு இரண்டரை ஃபிரேம் முந்தி ஓடுவது அதனால்தான். கேமரா ஒலியை வைத்து ஒத்திசைக்காமல், கிளாப் தட்டும் படத்தைப் பார்த்துப் பொருத்துங்கள். ஸ்லோமோஷனிலும் உதடு பொருந்த வேண்டுமென்றால் 50 ஃபிரேமில் எடுத்து, அங்கே பாட்டை இரட்டை வேகத்தில் ஓடவிட்டுப் பாட வேண்டும். பாடகர் முந்தின நாள் பயிற்சி எடுக்காவிட்டால் சிரிப்புதான் பதிவாகும்.

கடைசியாக நோட்டின் 100 கட்டங்களிலும் இடம், நேரம், ஷாட் மூன்றையும் நிரப்புங்கள். பிறகு ஐடியா பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரிடம் அந்தத் தாளைக் கொடுத்து, பாட்டை ஓடவிட்டு, விரலால் கட்டங்களைத் தொடர்ந்து வரச் சொல்லுங்கள். எந்தக் கட்டத்தில் விரல் தயங்குகிறதோ அங்கே இன்னும் ஷாட் கிடைக்கவில்லை என்று அர்த்தம். இரண்டாவது படிக்குத் திரும்பி அந்த இடத்துக்கு மட்டும் வேறு வினைச்சொல் தேடுங்கள்.