மூட்டுவலிக்குச் சீன மூலிகை உருண்டை: மாதக்கணக்கில் சாப்பிடுவோர் செய்யும் தவறுகள்

தருமபுரிப் பக்கம் மூட்டுவலி இல்லாத வீடு அபூர்வம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரும்வரை எலும்பையும் மூட்டையும் கெடுக்கும் ஃபுளோரைடு கலந்த போர் தண்ணீரைக் குடித்தே வளர்ந்த ஊர்கள் பல இங்கே உண்டு. அந்த வலிக்கு யார் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளத்தான் தோன்றும்.

பாலக்கோட்டில் இருக்கும் என் அத்தைக்கு மலேசியாவிலிருந்து வந்த உறவினர் ஒரு டப்பா கொடுத்தார். மிளகளவு கறுப்பு உருண்டைகள். மேலே சீன எழுத்து. உள்ளே என்ன இருக்கிறதென்று படிக்க வழியில்லை. மூன்றாம் நாளே தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தார். நாலு மாதத்தில் கன்னம் உப்பி, சர்க்கரை ஏறியது. “உடம்பு தேறிடுச்சே” என்றார்கள் அக்கம்பக்கத்தில். “வேறென்னம்மா மாத்திரை சாப்பிடுறீங்க?” என்று டாக்டர் கேட்டபோது, “ஒண்ணுமில்லைங்க” என்றார் அத்தை. பொய் சொல்லவில்லை. மூலிகையை அவர் மாத்திரைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. முகத்தைப் பார்த்தே ஸ்டீராய்டாக இருக்கும் என்று டாக்டர் சந்தேகப்பட்டார்.

மூலிகை என்ற பெயரில் விற்ற உருண்டைகளில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. வருஷக்கணக்கான வலி இரண்டே நாளில் பறந்தால் சந்தேகப்படுங்கள். அதற்காக அன்றைக்கே டப்பாவைத் தூக்கி எறிவது இன்னும் பெரிய தவறு. பல மாதம் ஸ்டீராய்டு உள்ளே போனால் உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டைக் குறைத்துவிடும். சட்டென்று நிறுத்தினால் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து. டப்பாவோடு டாக்டரிடம் போங்கள். அவர் படிப்படியாகக் குறைப்பார்.

கலப்படம் இல்லாவிட்டாலும் ஆள்மாறாட்டம் நடக்கும். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலியக் கொடுத்த மருந்தில் ‘ஃபாங் ஜி’ வேருக்குப் பதிலாகப் பெயர் ஒத்த ‘குவாங் ஃபாங் ஜி’ சேர்ந்துவிட்டது. நூறு பேருக்கு மேல் சிறுநீரகம் பழுதானது. சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. காரணம், அந்த வேரில் இருந்த அரிஸ்டோலோக்கிக் அமிலம் என்ற நச்சு. நம் காட்டு வரப்பில் முளைக்கும் ஆடுதீண்டாப்பாளையும் குவாங் ஃபாங் ஜியின் இனம்தான்.

சீனக் கஷாயங்களில் அதிமதுரம் மிகச் சாதாரணம். தினமும் தொடர்ந்தால் பிபி ஏறும், பொட்டாசியம் இறங்கும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு ‘டாங் குய்’ வேர் ரத்தக்கசிவை உண்டாக்கலாம்.

சேர்மானத்தைப் பெயர் சொல்லி எழுதித் தராதவரிடம் வாங்காதீர்கள். சாப்பிடத்தான் வேண்டுமென்றால், தொடங்கும் முன்பும் பிறகு டாக்டர் சொல்லும் இடைவெளியிலும் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், கல்லீரல், பொட்டாசியம் பரிசோதனைகளைச் செய்துகொள்ளுங்கள். சிறுநீரகம் பெரும்பாலும் வலி காட்டாமலேதான் கெடும்.