நெல்லையில் ‘சார்’கள் குறைந்துவிட்டார்களா? கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“தொடக்கப் பள்ளியில் இப்போது சார்கள் எங்கே இருக்கிறார்கள்? எல்லாம் டீச்சர்கள்தான்.” திருநெல்வேலிப் பக்கம் பெற்றோர் பலர் இப்படிச் சொல்லக் கேட்கிறேன். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அதை எண்களால் காட்டப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் மாவட்ட எல்லையிலேயே சறுக்கிவிடுகிறார்கள்.

இன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் 9 ஊராட்சி ஒன்றியங்கள். 2019 நவம்பரில் தென்காசி பிரியும்வரை 19 இருந்தன. சங்கரன்கோவில், ஆலங்குளம், கடையநல்லூர், குருவிகுளம் உள்ளிட்ட 10 ஒன்றியங்கள் ஒரே நாளில் கணக்கை விட்டுப் போயின. 2018-ஆம் ஆண்டு எண்ணையும் 2021-ஆம் ஆண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “ஆண் ஆசிரியர்கள் பெருமளவு குறைந்துவிட்டார்கள்” என்று எழுதுவது பெரும் பிழை. தென்காசிக்குப் போன வாசுதேவநல்லூரில் நேற்றுப் பாடம் நடத்தியவர் இன்றும் அதே கரும்பலகை முன்தான் நிற்கிறார். இன்னும் பின்னால் போனால் சிக்கல் கூடும். 1986 வரை தூத்துக்குடி நம்மோடு இருந்தது. 1956-க்கு முன் செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. ஆகவே மாவட்டத்தின் மொத்த எண்ணைத் தொடாதீர்கள். ஒன்றியவாரி எண்களை எடுத்து, இன்றைய 9 ஒன்றியங்களுக்கு மட்டும் பழைய ஆண்டுகளிலும் கூட்டுங்கள். அது கிடைக்காவிட்டால் தென்காசியின் எண்ணை இப்போதைய எண்ணோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, யாரை எண்ணுகிறோம் என்பது. தொடக்கப் பள்ளி என்றால் 1 முதல் 5 வரை. நடுநிலைப் பள்ளி 1 முதல் 8 வரை. தொடக்கப் பள்ளி ஒன்று தரம் உயர்ந்து நடுநிலைப் பள்ளியானால், அதன் ஆசிரியர்கள் அனைவரும் முதல் பட்டியலிலிருந்து மறைந்துவிடுவார்கள். நடுநிலைப் பள்ளிகளையும் சேர்த்தாலோ, 8-ஆம் வகுப்புக்குக் கணிதம் எடுக்கும் பட்டதாரி ஆசிரியரும் உள்ளே வந்துவிடுவார். எனவே தொடக்க வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கும் இடைநிலை ஆசிரியர்களைத் தனியே பிரித்துப் பாருங்கள். நம் பகுதியில் திருச்சபைகளும் பிற நிர்வாகங்களும் நடத்தும் அரசு உதவி பெறும் பள்ளிகள் மிகுதி. அரசுப் பள்ளிகளை மட்டும் எண்ணிவிட்டு “நெல்லை நிலவரம்” என்று தலைப்பிடுவது எனக்கு மனம் ஒப்பாத செயல்.

பழைய பதிவேடுகளில் ஆண், பெண் என்று தனிக் கட்டம் இல்லாதபோது பெயரை வைத்து ஊகிப்பார்கள். இங்கே அது மிகவும் ஆபத்து. ஒரு பள்ளியின் மங்கிப்போன சம்பளப் பட்டியலில் ‘ஞா. தங்கமணி’ என்ற பெயரைப் பார்த்து ஆண் பக்கம் கோடு போட்டேன். பக்கத்தில் இருந்த ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் விரலை வைத்து, “இது எங்களுக்கு ஒன்றாம் வகுப்பு எடுத்த டீச்சர்” என்றார். ஜெபமணி, பாக்கியம், ஞானமணி என்று இரு பாலாருக்கும் வைக்கும் பெயர்கள் இந்த மண்ணில் ஏராளம். உள்ளூரில் ஒருவரிடமாவது கேட்காமல் அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டாம்.

சதவீதத்திலும் கவனம் வேண்டும். கல்வி உரிமைச் சட்டப்படி 60 குழந்தைகள் வரை 2 ஆசிரியர்கள். அப்படிப்பட்ட பள்ளியில் இருக்கும் ஒரே சார் மாறுதலில் போனால், ஆண்களின் 50 சதவீதம் பூஜ்யமாகிவிடும். பள்ளிவாரிச் சதவீதங்களைக் கூட்டிச் சராசரி எடுக்காமல், ஒன்றியம் முழுவதற்கும் தலைகளை எண்ணி வகுங்கள். பணி நிரவலில், அதாவது உபரி ஆசிரியர்களைத் தேவையுள்ள பள்ளிகளுக்கு மாற்றும்போது, சிலர் மானூர் ஒன்றியத்திலிருந்து ராதாபுரம் ஒன்றியத்துக்குப் போனால், ஒன்றில் குறைவும் மற்றொன்றில் உயர்வும் தெரியும். புதிதாக ஒருவர்கூட வேலைக்கு வந்திருக்க மாட்டார்.

ஆண்டைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. தமிழக அரசு ஓய்வு வயதை 2020-இல் 58-லிருந்து 59 ஆகவும், 2021-இல் 60 ஆகவும் உயர்த்தியது. அதனால் 2020 மே தொடங்கி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வயது மூப்பால் ஓய்வு பெற்றவர்கள் மிகவும் குறைவு. மூத்த ஆசிரியர்களில் ஆண்கள் கூடுதலாக உள்ள ஒன்றியத்தில், அந்த ஆண்டுகளில் எண் அசையாமல் நிற்கும்; பிறகு ஒரேயடியாகச் சரியும். அந்தச் சரிவுக்கு வேறு காரணம் தேடி அலைய வேண்டாம். 2021-ஐத் தொடக்க ஆண்டாக வைக்காமல், 2017 போன்ற ஓர் ஆண்டிலிருந்து ஒன்றியவாரியாகத் தொடங்குங்கள்.