காது மந்தமானவரை டாக்டரிடம் அழைத்துப் போகும்போது

அரசு மருத்துவமனையில் சர்க்கரை, பிரஷர் பார்க்கும் பிரிவில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். எங்களிடம் வரும் பெரியவர்களில் காது மந்தமானவர்கள் ஏராளம். அதை வாய்விட்டுச் சொல்கிறவர்கள் குறைவு. "புரிஞ்சுதாம்மா?" என்று டாக்டர் கேட்டால் உடனே தலையாட்டிவிடுவார்கள். பின்னால் வரிசை நிற்கிறது, திரும்பக் கேட்டால் திட்டுவாரோ என்ற பயம். அந்தத் தலையாட்டலை நம்பி வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள்.

வயதாகிக் காது மந்தமாகும்போது எல்லாச் சத்தமும் ஒரே அளவில் குறைவதில்லை. பெரும்பாலும் கீச்சென்ற உச்ச ஒலிகள்தான் முதலில் போகும். ச, த, க போன்ற எழுத்துகள் மங்கிவிடும். ஆ, ஓ எல்லாம் நன்றாகவே கேட்கும். அதனால் பேசுவது காதில் விழும், என்ன சொல் என்று பிடிபடாது. டாக்டர் "சளி இருக்கா?" என்பார். இவருக்கு "வலி இருக்கா?" என்று விழும். முழங்காலை நினைத்துக்கொண்டு "ஆமா சார், ராத்திரியில ரொம்ப" என்பார். சீட்டில் இருமல் மருந்து ஏறிவிடும்.

இன்சுலின் விஷயத்தில் இது உயிருக்கே ஆபத்து. ஓர் அம்மாவுக்குக் காலை 20 யூனிட், மாலை 10 யூனிட் என்று எழுதியிருந்தது. படிக்கத் தெரியாதவர், வாயால் சொன்னதைத்தான் நம்பிப் போனார். காலை, மாலை இரண்டும் அவர் காதுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். அளவை மாற்றிப் போட்டுக்கொண்டார். விடியற்காலையில் சர்க்கரை இறங்கிப்போய், உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறிய நிலையில் மகன் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். குளுக்கோஸ் ஏற்றிய பிறகுதான் கண் தெளிந்தது. இப்போதெல்லாம் நான் காலை, மாலை என்று சொல்வதே இல்லை. "இட்லி சாப்பிடறதுக்கு முன்னாடி 20, ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி 10" என்பேன். எண்ணை விரலாலும் காட்டுவேன். வீட்டிலும் அப்படியே சொல்லுங்கள்.

ஓபி சீட்டு போட்டவுடன் மேலே "காது மந்தம், இடது காது பரவாயில்லை" என்று பெரிதாக எழுதித் தரச் சொல்லுங்கள். லேப், எக்ஸ்ரே, மாத்திரை கொடுக்கும் இடம் என்று சீட்டு எங்கே போனாலும் அந்த வரியும் கூடவே போகும். டோக்கன் எண்ணைக் கூப்பிடுவது கேட்காமல் முறை தவறிப்போனவர்கள் நிறைய உண்டு. கதவு தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார வையுங்கள்.

உள்ளே போனதும் முதல் பேச்சு இதுவாக இருக்கட்டும்: "டாக்டர், அப்பாவுக்குக் காது மந்தம், முகத்தைப் பார்த்து மெதுவாச் சொன்னீங்கன்னா புரிஞ்சுக்குவார்." நல்ல காது டாக்டர் பக்கம் இருக்கும்படி நாற்காலியைத் திருப்பிப் போடுங்கள். மாஸ்க் உதட்டை மறைப்பதோடு குரலையும் மழுக்கிவிடும். அதைக் கழற்ற முடியாத இடத்தில் எழுதிக் காட்டச் சொல்லலாம்.

தயவுசெய்து கத்தாதீர்கள். கத்தினால் உயிரொலிதான் இரைச்சலாகப் பெருகும், சொல் தெளியாது. தவிர, சிறுநீர் அடக்க முடியாத சங்கதியை ஓபி முழுவதும் கேட்கும்படி எந்த அம்மா சொல்வார்? மூடி மறைத்துவிடுவார். நாங்கள் ஒன்று செய்வதுண்டு. ஸ்டெதஸ்கோப்பை நோயாளியின் காதில் மாட்டிவிட்டு, மார்பில் வைக்கும் வட்டப் பகுதியின் அருகே வாயைக் கொண்டுபோய் மெல்லப் பேசுவோம். பலருக்குச் சட்டென்று முகம் மலர்ந்துவிடும். உங்கள் டாக்டரிடமும் கேட்டுப் பாருங்கள், தப்பாக நினைக்க மாட்டார்.

அவருக்காக நீங்கள் பதில் சொல்லிவிடாதீர்கள். நெஞ்சு அடைப்பது மாடி ஏறும்போதா, படுத்திருக்கும்போதா என்பது அவருக்குத்தான் தெரியும். டாக்டர் கேட்டது விளங்கவில்லையென்றால் அதையே திரும்பச் சொல்லாமல் வேறு வார்த்தையில் கேளுங்கள். கிளம்பும் முன் "எந்த மாத்திரை எப்போ? நீங்களே சொல்லுங்க" என்று அவர் வாயால் சொல்ல வையுங்கள். தப்பு அங்கேயே தெரிந்துவிடும். ஞாபக மறதிக்குச் சோதனை என்றால் இன்னும் கவனம் வேண்டும். கேள்வியே காதில் விழாமல் தப்பாகப் பதில் சொன்னாலும் மறதிக் கணக்கில் சேர்ந்துவிடும்.

இதெல்லாம் சமாளிப்புதான், காதைப் பார்த்தே ஆக வேண்டும். சில சமயம் அழுக்கு அடைத்திருக்கும், எடுத்ததும் சரியாகிவிடும். ஆனால் பட்ஸ், ஹேர்பின் போட்டுக் குடையாதீர்கள், எண்ணெய் ஊற்றாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் செவித்திறன் சோதனை உண்டு. காது கேட்கும் கருவி வாங்க வசதி இல்லாதவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள முதியோருக்கு மத்திய அரசின் வயோஸ்ரீ திட்டமும் 2017 முதல் இருக்கிறது. கிடைத்த கருவியைப் பீரோவில் பத்திரப்படுத்தாமல் ஆஸ்பத்திரிக்குப் போட்டுக்கொண்டு வாருங்கள்.

ஒரு காது திடீரென்று, ஓரிரு நாளில் கேட்காமல் போனால் மட்டும் "வயசுதானே" என்று விட்டுவிடாதீர்கள். அதற்கு ஸ்டீராய்டு மருந்து இருக்கிறது, சீக்கிரம் தொடங்கினால்தான் பலன் அதிகம். அன்றே காது டாக்டரிடம் காட்டுங்கள்.