சுற்றுப்பயணப் பாடத்தை மாற்றும் முன் ஆசிரியர்களிடம் கருத்துக் கேட்பது எப்படி?

பள்ளியில் ஒரு பாடப்பகுதியை மாற்றி அமைக்கும் வேலை யாராவது ஒருவர் தலையில் திடீரென்று வந்து விழும். அடுத்த ஆண்டுக்கு உயர்நிலை மூன்றின் புவியியலில் வரும் சுற்றுப்பயணப் பகுதியைப் புதுப்பிக்க வேண்டும், எல்லா ஆசிரியர்களிடமும் கேட்டுவிட்டு ஒரு திட்டம் கொடுங்கள் என்று துறைத்தலைவர் சொல்லிவிட்டுப் போய்விடுவார். எப்படிக் கேட்பது என்று யாரும் சொல்லித்தருவதில்லை. உடனே கை போவது இணையப் படிவத்துக்குத்தான்: பத்துக் கேள்வி, ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண், வாட்ஸ்அப் குழுவில் ஓர் இணைப்பு, "வெள்ளிக்குள் நிரப்பிவிடுங்கள், நன்றி". பாதிப் பேர் 4 போடுவார்கள், மீதிப் பேர் 5. அதை வைத்துக்கொண்டு ஒரு பயிற்சித்தாளைக்கூட மாற்ற முடியாது.

இந்த வேலை முதல்முறையாக வந்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். புவியியல் ஆசிரியர்களை மனத்தில் வைத்துத்தான் உதாரணங்கள், ஆனால் வேறு பாடத்துக்கும் பொருந்தும். என் கட்சி இதுதான்: மாற்றம் பிடித்திருக்கிறதா என்று ஆசிரியரிடம் கேட்காதீர்கள், போன தடவை அந்தப் பாடத்தை நடத்தியபோது வகுப்பில் என்ன நடந்தது என்று கேளுங்கள்.

படி 1: எது உங்கள் கையில் இருக்கிறது என்று எழுதிவையுங்கள்

சிங்கப்பூரில் சுற்றுப்பயணத்துறை தனிப் பாடமாக எல்லாப் பள்ளிகளிலும் இல்லை. உயர்நிலைப் புவியியலில் அது ஒரு பெரிய பகுதி. வழக்கநிலை தொழில்நுட்பப் பிரிவில் 'எலிமென்ட்ஸ் ஆஃப் பிசினஸ் ஸ்கில்ஸ்' என்ற பாடம் பயணம், விருந்தோம்பல், சில்லறை வணிகம் மூன்றையும் வைத்தே அமைக்கப்பட்டது. ஹாங்காங்கில் கதை வேறு, அங்கே மேல்நிலை மாணவர்கள் சுற்றுலாவையும் விருந்தோம்பலையும் சேர்த்துத் தனி விருப்பப் பாடமாகவே எடுக்கலாம். அங்குள்ள கேள்வித்தாள் ஏதாவது கையில் கிடைத்தால் அப்படியே எடுத்துப் போடாதீர்கள், அவர்களுடைய பாடத்தின் அளவே வேறு.

நம் ஊரில் பாடத்திட்டத்தைக் கல்வி அமைச்சு வகுக்கிறது, தேர்வைத் தேர்வு மதிப்பீட்டுக் கழகம் பார்த்துக்கொள்கிறது. பட்டியலில் உள்ள தலைப்பை ஒரு பள்ளியால் தூக்கிவிட முடியாது. பள்ளியின் கையில் இருப்பது எந்த வரிசையில் நடத்துவது, எத்தனை பாடவேளை ஒதுக்குவது, எந்த ஊரை உதாரணமாக எடுப்பது, களப்பணிக்கு எங்கே போவது, உள்மதிப்பீட்டை எப்படி வைப்பது என்பவை. இவை சின்ன விஷயங்கள் அல்ல, மாணவருக்குப் பாடம் என்பதே பெரும்பாலும் இவைதான்.

அரைப்பக்கம் போதும். மூன்று தலைப்பு: முடிவாகிவிட்டவை, மாற்றக்கூடியவை, இன்னும் தெரியாதவை. இதை முதலில் ஆசிரியர்களுக்கு அனுப்பிவிட்டுத்தான் கேள்வியே கேட்க வேண்டும். ஏற்கெனவே முடிவாகிவிட்ட ஒன்றைப் பற்றிக் கருத்துக் கேட்டால், அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களிலிருந்து விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகள் இல்லை, பாடங்களை ஜி1, ஜி2, ஜி3 என்ற நிலைகளில் படிக்கிறார்கள், ஜி1 எளியது, ஜி3 கடினமானது. 2027 முதல் அவர்கள் எழுதப்போவது சிங்கப்பூர்-கேம்பிரிட்ஜ் உயர்நிலைக் கல்விச் சான்றிதழ்த் தேர்வு. ஆகவே "மாற்றம்" என்று நீங்கள் எழுதும்போது எந்த நிலைக்கு என்று சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் ஜி3 நடத்துபவர் ஒன்றை நினைத்துப் பதில் சொல்வார், ஜி1 நடத்துபவர் வேறொன்றை நினைத்துப் பதில் சொல்வார், நீங்கள் இரண்டையும் கூட்டி வைத்துக்கொண்டு முழிப்பீர்கள்.

படி 2: மாற்றத்தைப் பாடவேளைக் கணக்கில் எழுதுங்கள்

"நீடித்த நிலைத்தன்மைக்கு முக்கியத்துவம் கூட்டுதல்" என்று எழுதினால் யாரும் மறுக்க மாட்டார்கள். மறுக்க அதில் ஒன்றுமே இல்லையே. அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: பிலிப்பீன்ஸின் பொராக்காய் தீவைச் சுற்றுச்சூழலைச் சீர்செய்ய 2018இல் ஆறு மாதம் மூடிய கதைக்கு இரண்டு பாடவேளை கூடுதல், அதற்காகத் தீம் பார்க் பயிற்சித்தாளை எடுத்துவிடுகிறோம். இப்போது பாருங்கள், பதில் வரும். அந்தப் பயிற்சித்தாளில்தான் என் பிள்ளைகள் வரைபடம் வாசிக்கக் கற்றுக்கொள்கிறார்கள் என்று ஒருவர் சொல்வார். உங்களுக்கு வேண்டியது அந்த வாக்கியம்தான்.

சேர்க்கிற ஒவ்வொன்றுக்கும் எதிரில், எதை எடுக்கப்போகிறோம் என்று இருக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பத்து வாரத் தவணையில் விளையாட்டு நாள், பொது விடுமுறை, மின்வழிக் கற்றல் நாள் எல்லாம் போக மிஞ்சுவது எவ்வளவு என்று எல்லாருக்கும் தெரியும்.

எதைத் தூக்குவது என்று தெரியாமல் நின்றால், பழசாகிப்போன உதாரணங்களிலிருந்து தொடங்குங்கள். சுற்றுப்பயணப் பாடத்தில் இது ஓயாத தலைவலி, ஏனென்றால் இடங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. செந்தோசாவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அண்டர்வாட்டர் வோர்ல்ட் என்ற மீன் காட்சியகம் 2016இல் மூடப்பட்டது. அங்கிருந்த பெரிய மெர்லயன் சிலை 2019இல் மூடப்பட்டது. எஸ்.இ.ஏ. அக்குவேரியம் 2025இல் சிங்கப்பூர் ஓஷனேரியம் ஆகிவிட்டது. செந்தோசாவை விட்டு வெளியே வந்தால் ஜூரோங் பறவைப் பூங்கா 2023 ஜனவரியில் மூடி, அதே ஆண்டு மே மாதம் மண்டாயில் 'பர்ட் பேரடைஸ்' என்று திறந்தது. இப்போதைய உயர்நிலை ஒன்று மாணவருக்கு அண்டர்வாட்டர் வோர்ல்டின் பெயரே தெரியாது, ஆனால் பயிற்சித்தாளில் அது இன்னும் உயிரோடு இருக்கும்.

அதற்காகப் பழசு எல்லாம் குப்பை என்று சொல்லவில்லை. ஒரு சுற்றுலாத் தலம் தோன்றி வளர்ந்து தேங்கி, அப்புறம் புத்துயிர் பெறுகிறது அல்லது சரிகிறது என்று ரிச்சர்ட் பட்லர் 1980இல் ஒரு மாதிரியை முன்வைத்தார். அதை விளக்க இந்த மூடிய இடங்களைவிட நல்ல உதாரணம் எங்கே கிடைக்கும்? ஆசிரியர்களிடம் கேட்க வேண்டியதும் இதுதான்: இந்த உதாரணத்தைத் தூக்கிவிடலாமா, இல்லை வேறு தலைப்புக்குக் கீழே கொண்டுபோகலாமா?

புள்ளிவிவரமும் அப்படித்தான். 2019இல் சிங்கப்பூருக்கு வந்த பயணிகள் 19.1 மில்லியன், 2024இல் 16.5 மில்லியன். ஆனால் அவர்கள் செலவழித்தது 27.7 பில்லியன் வெள்ளியிலிருந்து கிட்டத்தட்ட 30 பில்லியனுக்கு ஏறியிருக்கிறது. பழைய எண்ணை அழித்துப் புதியதை எழுதுவதா, இரண்டையும் வைத்து ஏன் இப்படி என்று மாணவர்களையே கேட்பதா? இரண்டாவதற்கு ஒரு பாடவேளை கூடுதலாக ஆகும், அதையும் படிவத்தில் எழுதுங்கள்.

படி 3: யாரைக் கேட்பது

குறைந்தது இவர்களை விடாதீர்கள்: ஒவ்வொரு நிலையிலும் நடத்துபவர் ஒருவர், போன ஆண்டுதான் சேர்ந்த புதியவர், பகுதிநேரமாக வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர், களப்பணிக்கு மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போனவர். கடைசியாகச் சொன்னவரைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

லிட்டில் இந்தியாவில் களப்பணி வைக்கலாம் என்று திட்டத்தில் எழுதுவது சுலபம். கேம்பல் லேனில் நிற்கலாம், 2015இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையம் அங்கேயே இருக்கிறது, சிராங்கூன் சாலையில் பயணிகளிடம் நான்கு கேள்வி கேட்கலாம். ஆனால் தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் கடைக்காரர் எவரும் நின்று பேச மாட்டார், ஞாயிற்றுக்கிழமை மாலையில் நாற்பது மாணவர்களை வரிசையாக நடத்திக்கொண்டு போகவே முடியாது, மதிய வெயிலில் நிழலுக்கு எங்கே ஒதுங்குவது என்பதும் போனவருக்குத்தான் தெரியும். உங்கள் பள்ளித் தமிழாசிரியரையும் ஒரு வார்த்தை கேளுங்கள். கற்றல் பயணம் என்று அதே இடத்துக்கு அவர் மாணவர்களைக் கூட்டிப்போயிருக்க வாய்ப்பு அதிகம், எந்தக் கடைக்காரர் பிள்ளைகளிடம் பொறுமையாகப் பேசுவார் என்பதுவரை சொல்வார். புவியியல் துறைக்கும் தாய்மொழித் துறைக்கும் நடுவில் ஒரு தாழ்வாரம்தான் இருக்கும், ஆனால் யாரும் கடந்து போய்க் கேட்பதில்லை.

வாய்ப்பு இருந்தால் தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலோ பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ விருந்தோம்பல் சொல்லிக்கொடுக்கும் ஒருவரிடமும் பேசலாம். ஆனால் அதைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் சொல்வது மாணவர் அடுத்துப் போகும் இடத்தைப் பற்றி, உங்கள் வகுப்பறையைப் பற்றி அல்ல.

படி 4: எப்போது

செப்டம்பர், அக்டோபர் வேண்டவே வேண்டாம். முன்னோட்டத் தேர்வுத் தாள்களுக்கு நடுவில் உங்கள் படிவம் போனால், கிடைப்பது பதில் அல்ல, சாபம். அந்தப் பகுதியை நடத்தி முடித்த இரண்டு வாரத்துக்குள் கேட்பதுதான் நல்லது, ஞாபகம் சூடாக இருக்கும். அது முடியாவிட்டால் நவம்பரில், திருத்தும் வேலை ஓய்ந்து அடுத்த ஆண்டுக் கால அட்டவணை இறுதியாகும் முன்னால்.

படி 5: கேள்விகள்

ஆறு கேள்விக்கு மேல் போகாதீர்கள். மதிப்பெண் அளவுகோலை விட்டுவிட்டு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் நான்கு பதில் கொடுங்கள்: இப்படியே செய்யலாம், திருத்திச் செய்யலாம், வேண்டாம், நான் இதை நடத்தியதில்லை. நான்காவதை மறக்காதீர்கள், அது இல்லாவிட்டால் நடத்தாதவரும் மரியாதைக்கு "செய்யலாம்" என்று தட்டிவிடுவார்.

அப்புறம் எழுதிச் சொல்லும் கேள்விகள். "தற்போதைய பாடத்தைப் பற்றி உங்கள் கருத்து என்ன" என்று கேட்டால் "நன்றாக இருக்கிறது" என்று வரும். இப்படிக் கேளுங்கள்:

- போன தடவை இந்தப் பகுதியில் நேரம் எங்கே தட்டியது? எதை அவசரமாக முடித்தீர்கள்?
- எந்தக் கேள்விக்கு மாணவர்கள் மனப்பாடப் பதில் எழுதினார்கள்?
- நீங்களாகவே சேர்த்துக்கொண்ட உதாரணமோ காணொளியோ உண்டா?

மூன்றாவதில்தான் புதையல் இருக்கிறது. ஒருவர் வெனிஸ் நகரம் 2024இல் ஒருநாள் பயணிகளிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியதை வைத்து வகுப்பில் விவாதம் நடத்தியிருப்பார், இன்னொருவர் தாய்லாந்தின் மாயா பே கடற்கரை 2018இல் மூடி 2022இல் திறந்ததை எடுத்திருப்பார், பக்கத்து மேசைக்காரருக்கே அது தெரிந்திருக்காது. புதிய பாடத்தில் பாதி ஏற்கெனவே யாரோ நடத்திக்கொண்டிருப்பதாகத்தான் இருக்கும்.

பெயர் கேட்கலாமா? நாலு பேர் இருக்கும் துறையில் பெயர் கேட்காவிட்டாலும் எழுத்து நடையிலேயே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். அதனால் "பெயர் வெளியில் வராது" என்று பொய்யான உறுதி கொடுக்காதீர்கள். பதில்களை யார் பார்ப்பார்கள், துறைத்தலைவரிடம் எந்த வடிவில் போகும் என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.

படி 6: உட்கார்ந்து பேசுங்கள்

படிவம் வந்ததும் அரை மணி நேரம் ஒன்றாக உட்காருங்கள். பேசும் வரிசை முக்கியம்: புதியவர் முதலில், துறைத்தலைவர் கடைசியில். மூத்தவர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் "ஆமாம், நானும் அதைத்தான் நினைத்தேன்" என்று முடித்துக்கொள்வார்கள், நம் ஊர்க் கூட்டங்களில் இது எல்லாருக்கும் தெரிந்த கதை. முடிந்தால் துறைத்தலைவரை முதல் இருபது நிமிடம் வராமல் இருக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். பலர் ஒத்துக்கொள்வார்கள்.

பேச்சைக் குறித்துக்கொள்ளும்போது சொன்னவரின் சொற்களிலேயே குறியுங்கள். "நேரப் பற்றாக்குறை குறித்த கவலை" என்று நீங்கள் மெருகேற்றி எழுதினால், மூன்றாம் பாடவேளை ஓய்வு நேரத்துக்குப் பிறகு வருவதால் பத்து நிமிடம் போய்விடுகிறது என்று அவர் சொன்ன உருப்படியான செய்தி காணாமல் போய்விடும்.

படி 7: பதில்களைப் படிப்பது

சராசரி எடுக்காதீர்கள். ஏழு பேரின் சராசரி எதையும் சொல்லாது. பதில்களை நேரம், பாடப்பொருள், பயிற்சித்தாள் போன்ற வளங்கள், தேர்வு என்று நான்கு குவியலாகப் பிரியுங்கள். பாடப்பொருளைக் குறைசொல்வதாகத் தெரிவதில் பெரும்பகுதி நேரக் குவியலுக்குத்தான் போகும், பிரித்துப் பார்க்கும்போதுதான் அது புலப்படும்.

எண்ணிக்கையை மட்டும் பார்த்தும் முடிவெடுக்காதீர்கள். ஆறு பேர் சரி என்று சொல்லி, ஜி1 வகுப்பு எடுக்கும் ஒரே ஒருவர் மட்டும் அந்தக் கட்டுரையின் மொழி என் பிள்ளைகளுக்கு எட்டாது என்றால், அந்த வகுப்பைப் பற்றித் தெரிந்தவர் அவர் மட்டும்தான். அவருக்காக எளிய வாசகம் ஒன்று தயாராகும்வரை அந்த மாற்றத்தை நிறுத்திவைப்பேன்.

படி 8: திருப்பிச் சொல்லுங்கள், ஒரு வகுப்பில் ஓட்டிப் பாருங்கள்

இரண்டு வாரத்துக்குள் ஒரு பக்கம் அனுப்புங்கள்: நீங்கள் சொன்னது, நாங்கள் செய்தது, செய்யாதது, செய்யாததற்குக் காரணம். காரணம் ஒரே வரியாக இருக்கலாம். "களப்பணியை இரண்டு நாளாக்கக் கேட்டீர்கள், பேருந்துச் செலவுக்கு இந்த ஆண்டு இடமில்லை." இப்படி வெளிப்படையாகச் சொன்னால் கோபப்படுகிறவர் குறைவு.

மாற்றத்தை எல்லா வகுப்பிலும் ஒரேயடியாக இறக்காமல் முதலில் ஒரு வகுப்பில் நடத்திப் பாருங்கள். நடத்துபவர் நீங்களாக இருக்க வேண்டாம், மாற்றத்தைச் சந்தேகப்பட்ட ஆசிரியர் ஒத்துக்கொண்டால் அவரே நடத்தட்டும், இன்னும் நல்லது. நடத்தி முடித்த வாரத்தில் படி 5இல் உள்ள மூன்று கேள்விகளை மட்டும் அவரிடம் மறுபடி கேளுங்கள், வாய்மொழியாகவே போதும், உணவுக்கூடத்தில் ஒரு கோப்பி வாங்கிக்கொடுத்து. அவர் சொன்னதைக் கோப்பில் தேதியோடு எழுதிவையுங்கள், அடுத்து இந்தப் பொறுப்புக்கு வருபவர் முதலில் தேடுவது அதைத்தான்.